தஞ்சாவூர் மாத்திரையை டெஸ்ட் பண்ணிப் பார்த்த டாக்டர்

டெல்டா பக்கம் சொந்த ஊர் இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பேர் தெரியும்: கண்ணாடி விரியன். அறுப்பு நேரத்துல வயல்ல, வைக்கோல் போர்ல, ராத்திரி தண்ணி கட்டப் போற வரப்புல இருக்கிற பாம்பு. நெல் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலி இருக்கிற இடத்துக்கு இது வரும். உடம்புல சங்கிலி மாதிரி மூணு வரிசை வட்டம். கிட்ட போனா குக்கர் விசில் விடுற மாதிரி சீறும்.

இதோட இங்கிலீஷ் பேர் என்னன்னு போன்ல தேடிப் பாருங்க. ரஸ்ஸல்ஸ் வைப்பர்னு வரும். நம்ம வயல்ல இருக்கிற பாம்புக்கு எப்படி ஒரு வெள்ளைக்காரர் பேர் வந்துச்சு? யார் அந்த ரஸ்ஸல்? வேட்டைக்காரரா, கலெக்டரா?

ரெண்டும் இல்ல. அவர் ஒரு டாக்டர். அவரோட கதைக்குள்ள நம்ம தஞ்சாவூர் பேர்ல ஒரு மாத்திரையும் வருது. நம்ம ரத்தம் எப்படி உறையுது, உறைஞ்ச ரத்தத்தை உடம்பு எப்படிக் கரைக்குதுன்னு புரிஞ்சுக்கிறதுக்கும் அந்தக் கதை ஒரு நல்ல வழி. பயாலஜியை பன்னிரண்டாம் வகுப்போட விட்டுட்டேன்னு சொல்றவங்களும் தாராளமா படிக்கலாம். நானும் அந்தக் கூட்டம்தான்.

அலெப்போவில் ஒரு பாட்டி சொன்ன விஷயம்

பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரத்துல பிறந்தவர். 18-ம் நூற்றாண்டுக்காரர். அவருக்கு அலெக்ஸாண்டர்னு ஒரு அண்ணன் உண்டு. அவரும் டாக்டர். இன்றைய சிரியாவில் இருக்கிற அலெப்போ நகரத்துல, அங்கே வியாபாரம் பண்ணின ஆங்கிலேயர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்தார். 1750-ல் பேட்ரிக்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1753-ல் அண்ணன் ஊருக்குத் திரும்பினதும் அந்த வேலை இவருக்கு வந்தது.

அங்கே இருந்தப்போ அம்மை பத்தி அவருக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. பாலைவனத்துல வாழ்ற பெதூயின் இனத்தைச் சேர்ந்த ஒரு வயசான பெண்மணி சொன்னது அது. அவங்க ஆளுங்க அம்மை வராம இருக்க அம்மையை விலைக்கு வாங்குவாங்களாம். அதாவது, லேசா அம்மை கண்ட ஒரு பிள்ளையோட கொப்புளத்துல இருந்து கொஞ்சம் சீழ் எடுத்து, ஊசியால இன்னொரு பிள்ளையோட தோல்ல குத்திடுவாங்க. வாங்குற பிள்ளை, கொடுக்குற பிள்ளைக்கு நாலு உலர்ந்த திராட்சையோ பேரீச்சம்பழமோ விலையா கொடுக்கணும்.

இதைக் கேட்ட ஒரு படிச்ச ஐரோப்பிய டாக்டர் சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். ரஸ்ஸல் அப்படிப் போகல. பாக்தாத், மோசுல், பஸ்ரான்னு பல ஊர்க்காரங்ககிட்ட விசாரிச்சார். அந்த வழக்கம் அங்கே எல்லாம் இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டார். அப்புறம் அதை எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1768-ல் அது வெளிவந்தது. ஜென்னர் தடுப்பூசி கண்டுபிடிச்சது 1796-ல். கணக்குப் பார்த்தா அதுக்கு இன்னும் 28 வருஷம் பாக்கி.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, பின்னாடி தஞ்சாவூர் மாத்திரை விஷயம் வரும்போது இது உங்களுக்கு ஞாபகம் இருக்கணும். நாட்டு வைத்தியம்னாலே இவருக்கு இளப்பம்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

1760-லிருந்து 1762 வரைக்கும் அலெப்போவில் பிளேக் பரவினது. ரஸ்ஸல் ஊரை விட்டுப் போகல. நோயாளிகளைப் பார்த்தார், பார்த்ததை எல்லாம் குறிச்சு வச்சார். அந்தக் குறிப்புகளை வச்சுத்தான் 1791-ல் பிளேக் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். சம்பவம் நடந்து 30 வருஷம் கழிச்சு! அவசரமே படாத மனுஷன்.

ரிட்டயர் ஆகற வயசுல இந்தியா

அலெப்போவில் சுமார் 20 வருஷம் இருந்துட்டு லண்டனுக்குத் திரும்பினார். 1777-ல் ராயல் சொசைட்டியில உறுப்பினர் ஆனார். அத்தோட நிம்மதியா உட்கார்ந்திருக்கலாம். ஆனா கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை பார்த்த தம்பி கிளாடுக்கு விசாகப்பட்டினத்துல உத்தியோகம். 1781-ல் தம்பியோட இவரும் கப்பல் ஏறிட்டார். அப்போ அவருக்கு வயசு 55-ஐ ஒட்டி.

இங்கே வந்ததும் செடி, மீன், பாம்புன்னு கண்ணுல பட்டதை எல்லாம் சேகரிக்க ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல மெட்ராஸ் அரசாங்கத்துக்கு இயற்கை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கு ரெண்டு சொல்லுல பேர் வைக்கிற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸோட மாணவர். அவர் முதல்ல வந்து இறங்கின இடம் நம்ம தரங்கம்பாடி. அங்கே டேனிஷ்காரங்களோட மிஷனுக்கு டாக்டரா 1768-ல் வந்தவர். டெல்டாவோட செடிகொடிகளை முதன்முதலா அறிவியல் முறையில தேடித் தேடிப் பதிவு பண்ணினவங்கள்ல அவரும் ஒருத்தர். 1785-ல் கோனிக் இறந்தார். அந்த இடத்துக்கு கம்பெனி ரஸ்ஸலை நியமிச்சது.

பதவியோட பேர் தாவர ஆராய்ச்சியாளர். ஆனா ரஸ்ஸலை அதிகமா இழுத்தது பாம்பு. காரணம் எளிமையானது. கம்பெனி சிப்பாய்ல இருந்து விவசாயி வரைக்கும் பாம்பு கடிச்சு செத்துக்கிட்டு இருந்தாங்க. எந்தப் பாம்புக்கு விஷம் இருக்கு, எதுக்கு இல்லைன்னு உறுதியா சொல்ல ஒரு புத்தகம்கூடக் கிடையாது. பார்த்த உடனே விஷப் பாம்பை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வெளி அடையாளம் கிடைக்குமான்னு அவர் தேடினார்.

கிடைக்கல. தலை வடிவம், நிறம், செதில்னு எதைப் பார்த்தாலும் ஏதோ ஒரு பாம்பு அந்த ரூலை உடைச்சது. வாயைத் திறந்து விஷப்பல்லைப் பார்க்கிறதுதான் வழின்னு ஆச்சு. ஒரு விஷயம் கிடைக்கலைன்னு நேர்மையா எழுதி வைக்கிறதும் ஆராய்ச்சிதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கிற நமக்கு இது நல்லாவே புரியும்.

அந்தத் தேடல்லதான் நம்ம கண்ணாடி விரியன் அவர் கையில வந்து சேர்ந்தது. தெலுங்குக்காரங்க அதுக்கு வச்சிருந்த பேரை அப்படியே காட்டுக ரேகுல பொடன்னு எழுதினார். கோழிகளையும் நாய்களையும் அது கடிக்க வச்சு, என்ன ஆகுது, எவ்வளவு நேரத்துல ஆகுதுன்னு குறிச்சார். இன்னிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதை அப்படியே அனுமதிக்காது. நல்ல பாம்புக்கு அடுத்தபடியா இதுதான் ஆபத்துன்னு அவர் முடிவுக்கு வந்தார்.

தஞ்சாவூர் மாத்திரை

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துல மெட்ராஸ் மாகாணம் முழுக்க பாம்புக் கடிக்கு ஒரு மருந்து பயங்கர ஃபேமஸ். பேரே தஞ்சாவூர் மாத்திரை. உள்ளூர் ஜனங்க மட்டும் இல்ல, கம்பெனிக்காரங்களும் அதை நம்பினாங்க. உள்ளே என்ன இருந்ததுன்னு பார்த்தா தலை சுத்தும். வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு, இன்னும் சில வேர்கள், விதைகள். பாஷாணம்னா ஆர்செனிக். விஷத்துக்கு விஷம்ங்கிற கணக்கு.

அது வேலை செய்யுதுன்னு சாட்சி சொல்ல நிறைய பேர் இருந்தாங்க. கடி வாங்கி, மாத்திரை சாப்பிட்டு, பிழைச்சு வந்தவங்க. அவங்க யாரும் பொய் சொல்லல. சிக்கல் எங்கேன்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம நாட்டுல இருக்கிற பாம்புகள்ல பெரும்பாலானதுக்கு மனுஷனைக் கொல்ற விஷமே கிடையாது. விஷப் பாம்பும் எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்காது. சில சமயம் பல் மட்டும் பதியும். அப்போ இருட்டுல ஏதோ ஒண்ணு கடிச்சவங்கள்ல பெரும்பகுதி பேர் எப்படியும் பிழைப்பாங்க. அவங்க எல்லாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்தா, மாத்திரைக்குப் பேர் வந்துடும். செத்தவங்க சாட்சி சொல்ல வர மாட்டாங்க. புள்ளியியல் பேப்பர்ல இதுக்கு நாம சர்வைவர்ஷிப் பயஸ்னு பேர் எழுதி ரெண்டு மார்க் வாங்குவோம்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் இருக்கு. கடிச்சது எந்தப் பாம்புன்னு தெரிஞ்சிருக்கணும். விஷம் இறங்கினது உறுதியா இருக்கணும். அப்புறம் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கணும். ரஸ்ஸல் அதைத்தான் செஞ்சார். தஞ்சாவூர் மாத்திரை வேலை செய்யலைன்னு தெரிஞ்சது. அதை எழுதிட்டார்.

இப்போ அலெப்போ பாட்டியை ஞாபகப்படுத்திக்கோங்க. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் செஞ்சதை அவர் ஏத்துக்கிட்டார், ஏன்னா அது பலிச்சது. இங்கே பெரிய மனுஷங்க எல்லாம் நம்பின மருந்தை ஒதுக்கினார், ஏன்னா அது பலிக்கல. யார் சொன்னாங்கங்கிறதை அவர் ரெண்டு இடத்துலயும் கணக்குல எடுக்கல.

1789-ல் அவர் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். 1796-ல் சோழமண்டலக் கடற்கரையில சேகரிச்ச பாம்புகள் பத்தின புத்தகம் கலர் படங்களோட வெளிவந்தது. அடுத்த வருஷம் ஜார்ஜ் ஷா என்கிற விலங்கியல் அறிஞர் அந்த விரியனுக்கு ரஸ்ஸல் பேரையே அறிவியல் பேரா வச்சார். 1803-ல் விசாகப்பட்டினத்து மீன்கள் பத்தி ரெண்டு தொகுதி. 1805 ஜூலை 2-ம் தேதி லண்டன்ல இறந்தார். பாம்புப் புத்தகத்தோட ரெண்டாம் தொகுதியின் கடைசிப் பகுதிகள் அவர் இறந்த பிறகுதான் அச்சாச்சு.

மாத்திரை பலிக்கலைன்னு அவர் காட்டிட்டார். ஏன் பலிக்காதுன்னு சொல்ல அவர் காலத்துல அறிவியல் வளரல. அதுக்கு அடுத்த 150 வருஷம் தேவைப்பட்டது.

ஆத்துல உடைப்பு எடுத்தா என்ன செய்வோம்?

அந்த ஏன்-ஐ காவிரிக் கரை பாஷையில சொல்றேன்.

வெள்ள நேரத்துல கரையில உடைப்பு எடுத்தா ஊரே திரண்டு மணல் மூட்டை போடும். மூட்டை நகராம இருக்க சவுக்குக் கட்டை அடிச்சு, கயிறு கட்டி இறுக்கும். ரத்தக் குழாய்ல காயம் பட்டாலும் இதேதான். பிளேட்லெட்ஸ்னு சின்னச் சின்ன அணுக்கள் ஓடி வந்து மூட்டை மாதிரி அடைச்சு நிக்கும். அதைச் சுத்தி இறுக்கிக் கட்டுற கயிறு வலைக்குப் பேர் ஃபைப்ரின். அந்தக் கயிறு ரெடிமேடா இருக்காது. ஃபைப்ரினோஜன்ங்கிற புரதமா ரத்தத்துல கரைஞ்சு ஓடிக்கிட்டு இருக்கும். உடைப்பு எடுத்த இடத்துல மட்டும் கயிறா திரியும்.

யார் ஆர்டர் போடுறது? அதுக்குத்தான் வரிசையா நம்பர் போட்ட ஃபேக்டர்கள். ஒண்ணு அடுத்ததை எழுப்பும், அது அதுக்கு அடுத்ததை. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பல மடங்கு ஆகும். கடைசியில பத்தாம் ஃபேக்டரும் ஐந்தாம் ஃபேக்டரும் சேர்ந்து த்ராம்பினை உண்டாக்க, த்ராம்பின் ஃபைப்ரினோஜனைக் கயிறாக்கும். 1964-ல் இந்த அமைப்பை விளக்கி எழுதின மேக்ஃபார்லேன் என்கிற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், இதை ஒரு உயிர்வேதி ஆம்ப்ளிஃபையர்னே சொன்னார். ஈசிஇ மக்களே, உங்க ஏரியாதான்.

சரி, காயம் ஆறினதும் அந்த அடைப்பு என்ன ஆகும்? உடைப்பு சரியான பிறகும் மூட்டையும் கட்டையும் அங்கேயே கிடந்தா தண்ணி போகாது. எடுக்கணும். அதுக்கு உடம்புக்குள்ள ஒரு மராமத்து கோஷ்டி இருக்கு. அதோட பேர் பிளாஸ்மின். ஃபைப்ரின் கயிறை அறுக்கிற கத்திரி.

இந்தக் கத்திரி சும்மா சுத்தினா ஆபத்து இல்லையா? அதனால அது பிளாஸ்மினோஜன்ங்கிற பேர்ல, உறை போட்ட கத்தி மாதிரி ரத்தத்துல ஓடிக்கிட்டு இருக்கும். ரத்தக் குழாயோட உள்சுவர் டிபிஏங்கிற ஒரு பொருளைச் சுரக்கும். அதுதான் உறையைக் கழட்டும். இதுல ஒரு அழகான டிசைன் இருக்கு. டிபிஏ ஓடுற ரத்தத்துல பெரிசா எதுவும் செய்யாது. ஃபைப்ரின் கயிறு மேல போய் உட்கார்ந்தாத்தான் முழு வேகத்துல வேலை செய்யும். அதாவது எங்கே அடைப்பு இருக்கோ அங்கேதான் கத்தி வெளியே வரும். அப்படியும் தப்பிச்சு ஓடுற பிளாஸ்மினைப் பிடிச்சு அமுக்க ஆன்ட்டிபிளாஸ்மின்னு காவல்காரன் வேற.

அறுத்த கயிறுத் துண்டுகள் ரத்தத்துல மிதக்கும். கோவிட் நேரத்துல வீட்ல யாருக்காவது டி-டைமர் டெஸ்ட் எடுத்தது ஞாபகம் இருக்கா? அந்த டெஸ்ட் அளக்கிறது இந்தத் துண்டுகளைத்தான். டி-டைமர் ஏறியிருந்தா, எங்கேயோ ரத்தம் உறைஞ்சு, கரைஞ்சுக்கிட்டு இருக்குன்னு சந்தேகப்படலாம். மாரடைப்புக்கு ஆஸ்பத்திரியில போடுற ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் இதே கோஷ்டியைத்தான் உசுப்பி விடுது. அது ஒரு பாக்டீரியாவில் இருந்து கிடைச்ச பொருள். அது உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்கும்னு 1933-ல் டில்லெட், கார்னர்னு ரெண்டு அமெரிக்கர்கள் காட்டினாங்க.

விரியன் செய்யற மோசடி

கண்ணாடி விரியன் விஷத்துல ரெண்டு முக்கியமான பொருள் இருக்கு. ஒண்ணு பத்தாம் ஃபேக்டரை நேரா ஆன் பண்ணும். இன்னொண்ணு ஐந்தாம் ஃபேக்டரை ஆன் பண்ணும். மேல இருக்கிற எந்தப் படியையும் அது மதிக்கிறதில்ல. நேரா ஆம்ப்ளிஃபையரோட கடைசி ஸ்டேஜ்ல போய் சிக்னல் கொடுக்குது.

விளைவு? எங்கேயும் உடைப்பு இல்ல. ஆனா கல்லணையில இருந்து கடைமடை வரைக்கும் எல்லா வாய்க்கால்லயும் ஒரே நேரத்துல உடைப்பு உடைப்புன்னு கூச்சல். ஊர்ல இருக்கிற மொத்த மூட்டையும் கயிறும் வாய்க்கால் வாய்க்காலா கொட்டப்படுது. உடம்பு முழுக்க சின்னச் சின்ன ரத்தக் கட்டிகள். உடனே மராமத்து கோஷ்டியும் கிளம்பும். கட்டின இடத்துல எல்லாம் அறுக்கும். இந்தப் பக்கம் கட்டுறது, அந்தப் பக்கம் அறுக்கிறதுன்னு கொஞ்ச நேரத்துல ஃபைப்ரினோஜன் ஸ்டாக் காலி.

அப்புறம்தான் நாம வெளியில பார்க்கிற அறிகுறி. கடிவாய்ல ரத்தம் நிக்காது. ஈறுல கசியும். சிறுநீர்ல ரத்தம் வரும். விஷத்துல ரத்தக் குழாய்ச் சுவரையே சேதப்படுத்துற வேற பொருளும் இருக்கு, அதனால நிஜமான உடைப்பு வேற எடுக்கும். போட மூட்டை இல்ல. பார்க்கிறவங்களுக்கு ரத்தம் தண்ணியாயிடுச்சுன்னு தோணும். உண்மையில அளவுக்கு மேல உறைஞ்சதாலதான் உறைய முடியாத நிலைமைக்கு வந்திருக்கு.

சிறுநீரகத்துக்கு இது ரொம்ப மோசம். சின்னக் குழாய்கள் அடைபட்டு, விஷமும் நேரா தாக்கி, சிறுநீரகம் நின்னு போகலாம். உயிர் பிழைச்சாலும் டயாலிசிஸ்ல மாட்டுறவங்க உண்டு. அதனாலதான் விரியன் கடியில ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இப்போ தஞ்சாவூர் மாத்திரையை இந்தப் படத்துக்குள்ள வச்சுப் பாருங்க. பத்தாம் ஃபேக்டரை ஆன் பண்ணின விஷத்தை வயித்துக்குள்ள போற பாதரசமும் பாஷாணமும் எந்த இடத்துல நிறுத்தும்? எந்த இடத்துலயும் நிறுத்தாது. சிறுநீரகத்துக்குக் கூடுதலா ஒரு விஷம், அவ்வளவுதான்.

இதே விஷத்தை மனுஷங்க மருந்தாவும் மாத்தினாங்க. நான் சொன்ன அந்த மேக்ஃபார்லேனும், லண்டன் மிருகக்காட்சி சாலையில ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கிட்ட பர்கெஸ் பார்னெட்டும் சேர்ந்து 1934-ல் ஒண்ணு காட்டினாங்க. ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு எட்டாம் ஃபேக்டர் மாதிரி ஏதோ ஒரு படி இருக்காது, அதனால ரத்தம் லேசுல உறையாது. ரஸ்ஸல் விரியன் விஷத்தை பத்தாயிரத்துல ஒரு பங்கா நீர்த்து, பல் பிடுங்கின இடத்துல வச்சா ரத்தம் நின்னது. இல்லாத படியைத் தாண்டி நேரா பத்தாம் ஃபேக்டரைத் தொட்டதால அது நடந்தது. இன்னிக்கும் ரத்தம் தப்பா உறையற சில நோய்களைக் கண்டுபிடிக்க, லேப்ல இந்த விஷத்தை நீர்த்துப் பயன்படுத்துற டெஸ்ட் இருக்கு. அந்த டெஸ்ட்டோட பேர்லயும் ரஸ்ஸல் இருக்கார்.

ஒரு கண்ணாடி ட்யூப், 20 நிமிஷம்

ரஸ்ஸல் தேடினது ஞாபகம் இருக்கா? பார்த்த உடனே விஷப் பாம்பா இல்லையான்னு சொல்ற ஒரு சுலபமான அடையாளம். பாம்புல அது கிடைக்கல. பின்னாடி அது நோயாளியோட ரத்தத்துல கிடைச்சது.

கடிபட்டவங்ககிட்ட இருந்து ரெண்டு மூணு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ஞ்ச கண்ணாடி ட்யூப்ல விட்டு, அசைக்காம 20 நிமிஷம் வைப்பாங்க. அப்புறம் ட்யூபைச் சாய்ப்பாங்க. ரத்தம் உறைஞ்சு ஜெல்லி மாதிரி நின்னா ஓரளவு நிம்மதி. தண்ணியா ஓடினா ஃபைப்ரினோஜன் காலி, விரியன் விஷம் உள்ளே வேலை செய்யுதுன்னு அர்த்தம். மெஷின் வேண்டாம், கரன்ட்கூட வேண்டாம். ட்யூப் மட்டும் கண்ணாடியா இருக்கணும். ரத்தம் உறையறதைத் தூண்டுறதே அந்தக் கண்ணாடிச் சுவர்தான், பிளாஸ்டிக்ல அந்தத் தூண்டல் சரியா நடக்காது.

ஓடினா பாம்பு விஷ முறிவு ஊசி போடுவாங்க. நம்ம நாட்டுல கிடைக்கிற ஊசி நாலு பாம்புக்குச் சேர்த்து: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏத்தி, அது உண்டாக்குற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்சு எடுக்கிறாங்க. அதுக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு, சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துல இருந்து போகுது. 1978-ல் ஆரம்பிச்சது. பரம்பரையா பாம்பு பிடிச்சவங்களோட அறிவு அங்கே உயிர் காக்குது. அலெப்போ பாட்டி மாதிரியே, இதுவும் பலிக்கிற அறிவு.

ஊசி போட்ட உடனே ரத்தம் உறைஞ்சிடாது. ஊசி செய்யறது கூச்சலை நிறுத்துறது மட்டும்தான். புதுசா ஃபைப்ரினோஜன் தயாரிக்கிறது கல்லீரலோட வேலை. அதுக்கு மணிக்கணக்குல டைம் வேணும். அதனால ஆறு மணி நேரம் கழிச்சு அதே 20 நிமிஷ டெஸ்ட்டைத் திரும்பச் செய்வாங்க. ஊசி போட்டும் ரத்தம் ஓடுதேன்னு யாராவது வீட்ல பதறினா, இதைச் சொல்லிப் புரிய வைங்க.

இது ஏன் நம்ம விஷயம்

2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக் கடியால சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பாங்கன்னு 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கு போட்டுச்சு. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் மழைக்காலம். 2030-க்குள்ள இந்தச் சாவுகளைப் பாதியாக்கணும்னு மத்திய அரசு 2024-ல் ஒரு செயல்திட்டம் அறிவிச்சது.

தஞ்சாவூர் மாத்திரையை இன்னிக்கு யாரும் கொடுக்கிறது இல்ல. ஆனா அதோட சொந்தக்காரங்க ஊர் ஊருக்கு இருக்காங்க. விஷக்கல், பச்சிலை, மந்திரிச்சுக் கயிறு கட்டுறது. அங்கே போய்ப் பிழைச்சவங்க கதையை உங்க தாத்தாவும் சொல்லியிருப்பார். தாத்தா பொய் சொல்லல. அவரைக் கேலி பண்ணாதீங்க. கடிச்சது எந்தப் பாம்புன்னு தெரியுமா தாத்தான்னு மட்டும் கேட்டுப் பாருங்க. 230 வருஷத்துக்கு முன்னாடி ரஸ்ஸல் கேட்ட கேள்வி அது.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்த நாலு விஷயத்தை வீட்ல சொல்லிட்டு வாங்க. கடிபட்ட கை காலை அசைக்காம, குச்சியோ ஸ்கேலோ வச்சுத் தளர்வா கட்டணும். மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாம் உடனே கழட்டணும், வீங்கினா கழட்ட முடியாது. இறுக்கிக் கயிறு கட்டுறதோ, பிளேடால கீறுறதோ, வாயால உறிஞ்சுறதோ வேண்டவே வேண்டாம். உறையற சக்தி போன ரத்தத்துல நீங்க போடுற கீறல் இன்னொரு உடைப்பு. பாம்பைத் தேடிக்கிட்டு நேரத்தை வீணாக்காம 108-க்குப் போன் பண்ணணும்.

அஞ்சாவதா ஒண்ணும் செய்யுங்க. உங்க ஊருக்குப் பக்கத்துல, ராத்திரியிலயும் டாக்டர் இருந்து, விஷ முறிவு ஊசி ஸ்டாக் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எதுன்னு பகல்லயே போய் விசாரிச்சு, வீட்டுச் சுவர்ல எழுதி வைங்க. ராத்திரி மடை மாத்தப் போற அப்பாவுக்கு ஒரு நல்ல டார்ச்சும் முழங்கால் வரைக்கும் வர்ற கம்பூட்டும் வாங்கிக் கொடுங்க. கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்ல முதல் சம்பளம் வர்ற வரைக்கும் அதுக்குக் காத்திருக்க வேண்டாம்.